ஆயிரத்துத் தொண்ணூற்றைந்து நாள்

(ஸ்காபரோவில் ஒரு நூலக மண்டபத்தில் ஆற்றிய பொதுச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



பள்ளிக்கூட விடுமுறை தொடங்கச் சில கிழமைகள்தான் இருக்கின்றன. இங்கே பலர் ஏற்கெனவே ஊருக்கு டிக்கெட் எடுத்திருப்பீர்கள். நல்லூர்க் கொடியேற்றம் பார்த்து, தேரும் தீர்த்தமும் முடித்துத் திரும்பினால் அதற்கே இருபத்தைந்து நாள் போய்விடும். அதோடு கொழும்பில் ஒரு கலியாணவீடு, சென்னையில் புடைவைக்கடை, வழியில் திருச்செந்தூர் என்று சேர்த்தால் நாற்பது நாள். போகாதீர்கள் என்று சொல்ல என்னை இங்கே கூப்பிடவில்லை. அந்த நாற்பது நாளும் உங்கள் கனேடியக் குடியுரிமை விண்ணப்பத்தில் என்னவாகின்றன என்று சொல்லத்தான் கூப்பிட்டார்கள்.

நான் சட்டத்தரணி இல்லை. படிவம் நிரப்பத் தடுமாறுகிறவர்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து உதவுகிறவன். ஆகவே நான் சொல்லப்போவது பொதுவான விஷயம். உங்களுடைய வழக்கில் ஏதாவது சிக்கல் இருந்தால், முக்கியமாக நீங்கள் அகதியாக ஏற்கப்பட்டு வந்தவர் என்றால், ஒரு சட்டத்தரணியிடம் காசு கொடுத்துக் கேட்பது வீண்செலவு ஆகாது.

விதி சின்னது. விண்ணப்பத்தில் கையெழுத்திடும் நாளுக்கு முந்திய ஐந்து வருடங்களில் குறைந்தது 1095 நாட்கள் நீங்கள் கனடாவில் உடம்பால் இருந்திருக்க வேண்டும். வீடு இங்கே இருந்தது, மனைவி பிள்ளைகள் இங்கே இருந்தார்கள், வங்கிக் கணக்கு இங்கே இருந்தது என்பதெல்லாம் இந்தக் கணக்கில் சேராது. ஐந்து வருடம் என்றால் லீப் வருடம் ஒன்று சேர்ந்து 1826 நாள். அதில் 731 நாள் வரை நீங்கள் வெளியே இருந்திருக்கலாம். எங்கே போனீர்கள், ஏன் போனீர்கள் என்று சட்டம் கேட்பதில்லை. தாயின் செத்தவீட்டுக்குப் போன நாளும் கியூபாக் கடற்கரையில் படுத்திருந்த நாளும் அதற்கு ஒன்றுதான்.

இந்த ஈவிரக்கமற்ற எண்ணிக்கை எப்போதும் இப்படி இருக்கவில்லை. அந்தக் கதையைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். ஏனென்றால், ‘நான் இங்கேதானே வாழ்கிறேன், போய் வந்தால் என்ன?’ என்று நம்மவர்கள் கேட்கிற அதே கேள்வியோடு கனடாவின் நீதிமன்றங்கள் நாற்பது வருடத்துக்குக் கிட்ட மல்லுக்கட்டின.

கனேடியக் குடியுரிமை என்ற ஒன்று சட்டப்படி பிறந்தது 1947 ஜனவரி 1ஆம் தேதி. அப்போது ஐந்து வருட வதிவிடம் கேட்டார்கள். 1977இல் வந்த புதிய சட்டம் அதைத் தளர்த்தி, விண்ணப்பத்துக்கு முந்திய நான்கு வருடங்களில் மூன்று வருடம் கனடாவில் வசித்திருந்தால் போதும் என்றது. ஆனால் வசிப்பது என்றால் என்ன என்று அந்தச் சட்டத்தில் ஒரு வரி விளக்கமும் இல்லை. ஒருவர் கனடாவில் வீடு வைத்துக்கொண்டு வெளிநாட்டில் நிற்கிறார். அந்த நாட்களில் அவர் கனடாவில் வசிக்கிறாரா, இல்லையா? நாடாளுமன்றம் இதைச் சொல்லாமல் விட்டுவிட்டது.

அடுத்த வருடமே, 1978இல், ஒரு மாணவருடைய வழக்கு ஃபெடரல் நீதிமன்றத்துக்கு வந்தது. நோவா ஸ்கோஷியாவில் படித்தவர், பிறகு மேற்படிப்புக்காக அமெரிக்காவின் மாசச்சூசெட்ஸ் பல்கலைக்கழகத்துக்குப் போனவர். விடுமுறைக்கு நோவா ஸ்கோஷியாவுக்கே திரும்பிவந்தார். அவருக்கு நாட்கள் போதவில்லை. நீதியரசர் தேர்லோ அவர் பக்கம் நின்றார். ஒருவர் தன் வாழ்க்கையின் மையத்தை ஓரிடத்தில் நிறுவிவிட்டால், படிப்புக்கோ வியாபாரத்துக்கோ விடுமுறைக்கோ தற்காலிகமாக வெளியே போவதால் அந்த வதிவிடம் அறுந்துபோகாது என்பது அவர் சொன்னதன் சாரம். கேட்பதற்கு எவ்வளவு நியாயமாக இருக்கிறது பாருங்கள். நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்வதும் இதைத்தான்.

பிறகு 1992இல் நீதியரசர் பார்பரா ரீட் இதை ஆறு கேள்விகளாகப் பிரித்தார். வெளியே போகத் தொடங்குவதற்கு முன்பு நீண்டகாலம் இங்கே இருந்தாரா? நெருங்கிய குடும்பத்தார் எங்கே இருக்கிறார்கள்? அவர் இங்கே வருவது வீட்டுக்குத் திரும்புகிற மாதிரி இருக்கிறதா, விருந்துக்கு வந்துபோகிற மாதிரி இருக்கிறதா? குறைகிற நாட்கள் கொஞ்சமா, ஏராளமா? வெளியே நிற்பதற்குத் தற்காலிகமான காரணம் இருக்கிறதா? கடைசியாக, வேறெந்த நாட்டையும்விடக் கனடாவோடு அவருக்கு உறவு அதிகமா? நல்ல கேள்விகள்தான். ஆனால் இவற்றுக்குப் பதில் சொல்ல எவ்வளவு காகிதம் வேண்டும், எவ்வளவு திறமையான சட்டத்தரணி வேண்டும் என்று யோசியுங்கள்.

அடுத்த வருடம், 1993இல், நீதியரசர் மல்டூன் நேர் எதிராகத் திரும்பினார். மூன்று வருடம் என்றால் மூன்று வருடம். குடியுரிமை கேட்கிறவர் கனேடியர்களோடு தோள் உரசிக் கனேடியராக மாறுவதற்காகத்தான் அந்தக் காலம் வைக்கப்பட்டிருக்கிறது என்றார். எங்கெங்கே தோள் உரச வேண்டும் என்று ஒரு பட்டியலும் போட்டார். கடைத்தொகுதி, மூலைக்கடை, நூலகம், கார் திருத்துகிற இடம், மின்தூக்கி, தேவாலயம், பள்ளிவாசல், கோவில் என்று அது நீளும். கோவிலை அவர் விடாமல் சேர்த்தது எனக்குப் பிடித்தது. ஸ்காபரோவில் நம் ஆட்கள் தோள் உரசுகிற இடங்கள் கோவிலும் மூலைக்கடையும்தானே. ஆனால் வெளிநாட்டில் இருந்துகொண்டு வங்கிக் கணக்கை மட்டும் கனடாவில் வைத்திருந்தால் தோள் உரசல் நடக்காது என்பது அவருடைய வாதம்.

ஒரே நீதிமன்றம், ஒரே சட்டம், இரண்டு மூன்று வகைத் தீர்ப்பு. மேல்நீதிமன்றம் தலையிட்டுத் தீர்த்திருக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். அங்கேதான் விசித்திரம். குடியுரிமை வழக்கில் ஃபெடரல் நீதிமன்றத் தீர்ப்புக்கு மேல் முறையீடு இல்லை என்று அந்தச் சட்டமே சொல்லியிருந்தது. ஆகவே முரண்பாடு அப்படியே கிடந்தது. 1999இல் நீதியரசர் லட்ஃபி, இந்த முறைகளில் எதைத் தேர்ந்தாலும் சரி, தேர்ந்த முறையை, விண்ணப்பத்தைத் தீர்மானிக்கிற குடியுரிமை நீதிபதி ஒழுங்காகப் பின்பற்றினால் போதும் என்று சொன்னார். ஒரே மாதிரிப் பயணக் கணக்கோடு இரண்டு பேர் போனால், யாருடைய மேசைக்கு எந்தக் கோப்பு போகிறது என்பதைப் பொறுத்து ஒருவருக்குக் குடியுரிமை கிடைக்கும், மற்றவருக்குக் கிடைக்காது. வருடக்கணக்கில் இப்படி நடந்தது.

2014இல் ஹார்ப்பர் அரசு சட்டத்தை மாற்றியது. 2015 ஜூன் 11 முதல் ஆறு வருடத்தில் 1460 நாள், அதோடு நான்கு வருடங்களில் ஒவ்வொன்றிலும் குறைந்தது 183 நாள். உடம்பால் இருப்பது என்று முதல் தடவையாகச் சட்டத்திலேயே எழுதினார்கள். வாழ்க்கையின் மையம் பற்றிய விவாதம் அன்றோடு முடிந்தது. 2017 அக்டோபர் 11 முதல் ட்ரூடோ அரசு அதை ஐந்து வருடத்தில் 1095 நாளாகக் குறைத்தது, 183 நாள் நிபந்தனையை எடுத்துவிட்டது. ஆனால் உடம்பால் இருக்க வேண்டும் என்பதை மாற்றவில்லை. அவர்களுடைய இரண்டு கட்சிகளும் பல விஷயங்களில் அடித்துக்கொண்டாலும் நாள் எண்ணுவதில் ஒத்துப்போய்விட்டன.

இது நல்லதா? நான் நல்லது என்கிற பக்கம்தான். மனசை அளக்கிற சட்டம் காசுள்ளவனுக்கு வசதியானது. ஹாங்காங்கில் வியாபாரம் நடத்திக்கொண்டு வான்கூவரில் வீடு வைத்திருந்தவர் ஆறு கேள்விக்கும் கட்டுக்கட்டாகக் காகிதம் கொண்டுவர முடியும். பேஸ்மென்டில் வாடகைக்கு இருந்து, இரவுவேலை செய்து, நாலு வருடத்தில் ஒரு தடவை ஊருக்குப் போன நம் ஆளிடம் என்ன காகிதம் இருக்கும்? அவருக்கு நாள் எண்ணிக்கைதான் பாதுகாப்பு. 1095 வந்தால் வந்ததுதான், எந்த அதிகாரியும் அவருடைய பற்றுதலைச் சந்தேகிக்க முடியாது.

ஆனால் இதே எண்ணிக்கை யாரை அநியாயமாக அடிக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். அமெரிக்காவுக்கு ட்ரக் ஓட்டுகிறவர்களை அடிக்கிறது. பிரம்டனிலும் ஸ்காபரோவிலும் நம்மவர் பலர் இந்தத் தொழிலில் இருக்கிறார்கள். ஒருவரை வைத்துக்கொள்வோம். திங்கட்கிழமை வின்ட்சரில் எல்லை கடக்கிறார், வெள்ளிக்கிழமை திரும்பி வருகிறார். கடக்கிற நாளும் திரும்புகிற நாளும் கனடாவில் இருந்த நாளாகவே எண்ணப்படும். இடையில் செவ்வாய், புதன், வியாழன் மூன்றும் போய்விடும். வருடத்தில் ஐம்பது கிழமை ஓடினால் 150 நாள். ஐந்து வருடத்தில் 750. விடக்கூடியது 731தானே. ஊருக்கு ஒரு தடவைகூடப் போகாமல், ஒரு விடுமுறையும் வெளியே எடுக்காமல், அந்த மனிதர் 19 நாள் குறைந்து நிற்பார். அவருக்கு வேறெந்த நாட்டிலும் வீடு இல்லை. வரி இங்கே, மோட்கேஜ் இங்கே, பிள்ளைகளின் பள்ளிக்கூடம் இங்கே. அவர் அமெரிக்காவில் படுத்த இரவுகள் ட்ரக்கின் பின்கட்டிலில், நெடுஞ்சாலை ஓரத்தில். நீதியரசர் தேர்லோவின் முறையில் அவர் ஒரு நிமிடத்தில் வென்றிருப்பார். இன்றைய சட்டத்தில் அவருக்கு வழி ஒன்றுதான். விண்ணப்பத்துக்கு முந்திய வருடத்தில் கொஞ்ச மாதம் மொன்றியல், வின்னிபெக் என்று உள்நாட்டு ஓட்டம் கேட்டு வாங்க வேண்டும். வருமானம் குறையும். சட்டத்தை எழுதியவர்கள் இந்த மனிதரை நினைத்துப் பார்த்திருந்தால் ஒரு துணைப்பிரிவு எழுதியிருக்கலாம். கனேடிய அரசுக்காக வெளிநாட்டில் வேலை செய்கிறவர்களுக்கும் அவர்களோடு வசிக்கும் குடும்பத்தாருக்கும் அப்படி எழுதியிருக்கிறார்கள். அவர்களுக்கு அந்த நாட்கள் கனடாவில் இருந்த நாட்களாகவே எண்ணப்படும். ட்ரக் ஓட்டுநருக்கு அந்தச் சலுகை இல்லை.

இன்னொரு கூட்டம் பெற்றோர் சாகக் கிடக்கும்போது ஊரில் மாதக்கணக்கில் நிற்பவர்கள். 2020 மார்ச்சில் விமானங்கள் நின்றபோது யாழ்ப்பாணத்திலும் திருச்சியிலும் மாட்டிக்கொண்டவர்களையும் இவர்களோடு சேருங்கள். தாங்கள் விரும்பி நிற்கவில்லை என்று எவ்வளவு ஆதாரம் காட்டினாலும் அந்த நாட்கள் திரும்பி வராது. வயதுவந்தவருக்கு இந்த நிபந்தனையில் மனிதாபிமான விலக்கு கிடையாது. விசேஷமான கஷ்டம் உள்ளவருக்கு அமைச்சர் தன் விருப்பத்தில் குடியுரிமை கொடுக்க ஒரு பிரிவு இருக்கிறது, ஆனால் அது எல்லோருக்கும் திறக்கிற கதவு அல்ல. இவர்கள் செய்யக்கூடியது காத்திருப்பது மட்டும்தான். எண்ணிக்கைக்கு ஆதரவாகப் பேசுகிற நான் இந்த இடத்தில் சட்டத்தோடு சண்டைக்காரன். சாவுக்குப் போனவனுக்கு முப்பது நாள் விட்டுக்கொடுத்தால் கனடா ஒன்றும் குறைந்துபோகாது.

சரி, எண்ணுவது எப்படி? இதில் நம்மவர்கள் அடிக்கடி தடுக்கி விழுகிற இடங்கள் இருக்கின்றன.

ஒரு நாளில் கொஞ்ச நேரம் கனடாவில் இருந்தாலும் அது முழு நாள். ஜூலை 10ஆம் தேதி இரவு பியர்சன் விமான நிலையத்தில் ஏறி, 31ஆம் தேதி வந்து இறங்கினால், 11 முதல் 30 வரை இருபது நாள்தான் குறையும். காலையில் பஃபலோவுக்குப் போய்ச் சாமான் வாங்கிக்கொண்டு மாலையில் திரும்பினால் எதுவும் குறையாது. அதையும் ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள் என்பேன். எல்லைப் பதிவில் அது இருக்கும், உங்கள் நினைவில்தான் இருக்காது.

பெரிய பிழை கடவுச்சீட்டு முத்திரையால் வருகிறது. கனடாவை விட்டு வெளியே போகும்போது கடவுச்சீட்டில் இங்கே யாரும் முத்திரை குத்துவதில்லை. ஆகவே படிவம் நிரப்பும்போது கட்டுநாயக்கவில் குத்திய தேதியைப் பார்த்து அதையே புறப்பட்ட தேதியாக எழுதிவிடுகிறார்கள். டுபாயிலோ டோகாவிலோ மாறி, நேர வித்தியாசமும் சேர்ந்து, கொழும்பில் இறங்கும்போது இரண்டு தேதி தள்ளியிருக்கும். ஒவ்வொரு பயணத்துக்கும் ஒன்றிரண்டு நாள் உங்களை அறியாமலே கனடாவில் இருந்ததாகக் காட்டிவிடுகிறீர்கள். பழைய விமானச்சீட்டு மின்னஞ்சல்களை அழித்துவிடாதீர்கள். நள்ளிரவு தாண்டி 12.30க்குப் புறப்படுகிற விமானம் என்றால், புறப்பட்ட நாள் மறுநாள் என்பதையும் பாருங்கள். விமான நிலையத்துக்கு நீங்கள் கிளம்பிய தேதி கணக்கில்லை.

ஐந்து வருடம் என்பது நிலையான ஐந்து வருடம் அல்ல, ஒவ்வொரு நாளும் முன்னே நகர்கிறது. இன்று கையெழுத்திட்டால் இன்றைக்கு முந்திய ஐந்து வருடம். ஒரு மாதம் தள்ளிப் போட்டால் தொடக்கத்தில் ஒரு மாதம் உதிர்ந்துவிடும். வந்து முதல் இரண்டு வருடம் அசையாமல் இருந்து, பிறகு டுபாயில் வேலை கிடைத்துப் போய் மூன்று வருடம் நின்றவர், ‘இன்னும் ஒரு வருடம் இருந்தால் மூன்று வருடம் சேர்ந்துவிடும்’ என்று எண்ணித் திரும்பி வருகிறார். அவர் இங்கே சேர்க்கிற ஒவ்வொரு நாளுக்கும், ஆரம்பத்தில் சேர்த்த ஒரு நாள் கழன்று விழுகிறது. ஏறத்தாழ மூன்று வருடம் புதிதாக இருந்தால்தான் அவருக்கு 1095 நிறையும். இதைச் சொல்லும்போது பலர் முகம் வாடிவிடும். வேலைக்காக வெளியே போக நேர்ந்தால், 1095 நிறைந்து விண்ணப்பித்த பிறகு போங்கள் என்று நான் சொல்வது இதற்காகத்தான்.

நிரந்தர வதிவிட உரிமை கிடைப்பதற்கு முந்திய நாட்களுக்கும் ஒரு மதிப்பு உண்டு. மாணவராக, வேலை அனுமதியில், விருந்தினராகச் சட்டப்படி இருந்த ஒவ்வொரு நாளும் அரை நாள். அப்படி அதிகபட்சம் 365 நாள் சேர்க்கலாம். ஹம்பர், செனிக்கா, சென்டெனியல் என்று கல்லூரிக்கு வந்த பிள்ளைகளுக்கு இது பெரிய உதவி. இரண்டு வருடம் படித்தால் ஒரு வருடம் கையில். 2015இல் இதைப் பிடுங்கினார்கள், 2017இல் திருப்பிக் கொடுத்தார்கள். அகதியாக ஏற்கப்பட்டவருக்கும் அரை நாள் உண்டு. ஆனால் கோரிக்கை ஏற்கப்பட்ட நாளிலிருந்துதான். கோரிக்கையைக் கொடுத்துவிட்டுத் தீர்ப்புக்காகக் காத்திருந்த வருடங்கள், வேலை அனுமதி கையில் இருந்தாலும், சேராது. சிறையிலும், நன்னடத்தைக் கண்காணிப்பிலும் கழித்த நாட்களும் சேராது.

இனி, எனக்கு மிக அதிகமாக வருகிற குழப்பம். பி.ஆர். என்கிற நிரந்தர வதிவிட உரிமையைத் தக்கவைப்பதற்கும் குடியுரிமைக்கும் இரண்டு வேறு கணக்குகள். முதலாவதுக்கு ஐந்து வருடத்தில் 730 நாள் போதும். அதில் தாராளம் அதிகம். கனேடியக் குடிமகனான கணவனோடு வெளிநாட்டில் சேர்ந்து வசித்த மனைவிக்கு அந்த நாட்கள் கனடாவில் இருந்த நாட்களாகவே எண்ணப்படும். கனேடிய நிறுவனம் அனுப்பி வெளிநாட்டில் முழுநேர வேலை செய்தாலும் எண்ணப்படும். இதைக் கேள்விப்பட்டவர்கள் குடியுரிமைக்கும் அப்படித்தான் என்று நம்பிவிடுகிறார்கள். இல்லை. கணவன் கனேடியன், லண்டனில் வேலை, மனைவி அவரோடு மூன்று வருடம் இருந்தார் என்றால் அவருடைய பி.ஆர். அட்டைக்கு ஆபத்தில்லை, குடியுரிமைக் கணக்கில் அந்த மூன்று வருடமும் பூச்சியம். கணவன் அங்கே கனேடிய அரசுக்காக வேலை செய்தால் மட்டும்தான் நான் முன்பு சொன்ன விலக்கு.

இன்னும் கடினமான ஒன்றைச் சொல்ல வேண்டும். இங்கே அகதிக் கோரிக்கை வைத்து ஏற்கப்பட்டு, அதன் வழியாக நிரந்தர வதிவிடம் பெற்றவர்கள் கவனமாகக் கேளுங்கள். உங்களுக்கு நாள் குறைவது இரண்டாம் பட்சம். 2012 டிசம்பரில் நடைமுறைக்கு வந்த சட்டத் திருத்தத்தின்படி, நீங்கள் எந்த நாட்டை விட்டு ஓடி வந்தீர்களோ அந்த நாட்டின் பாதுகாப்பை மறுபடி நாடினீர்கள் என்று தீர்மானிக்கப்பட்டால், அகதி நிலை மட்டுமல்ல, நிரந்தர வதிவிட உரிமையும் சேர்ந்து போய்விடும். இலங்கைக் கடவுச்சீட்டைப் புதுப்பிப்பதும் அதை வைத்து இலங்கைக்குப் போவதும் அதற்குப் போதுமான அடையாளமாக எடுக்கப்படலாம். போர் முடிந்துவிட்டது, இப்போது எல்லோரும் போகிறார்கள் என்று பக்கத்து வீட்டுக்காரர் சொல்வார். அவர் குடும்ப இணைப்பில் வந்தவராக இருப்பார், அல்லது ஏற்கெனவே குடிமகனாக இருப்பார். அவருக்கு ஒன்றும் நடக்காது. இந்த விசாரணை நடந்துகொண்டிருந்தால் உங்கள் குடியுரிமை விண்ணப்பத்தையும் நிறுத்திவைப்பார்கள். 2022இல் ஃபெடரல் மேன்முறையீட்டு நீதிமன்றம், பயணம் செய்தவருக்கு அதன் விளைவு தெரிந்திருந்ததா, எதற்காகப் போனார் என்பதையெல்லாம் பார்க்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறது. அது ஆறுதல்தான், பாதுகாப்பு அல்ல. குடியுரிமைச் சத்தியம் செய்யும்வரை அந்தப் பயணத்தைத் தள்ளி வையுங்கள். அம்மாவைப் பார்க்க வேண்டுமென்றால் கனடா தரும் அகதிப் பயண ஆவணத்தில் சென்னைக்கோ சிங்கப்பூருக்கோ விசா எடுக்க முடியுமா என்று பாருங்கள், அங்கே அவரையும் வரவழைத்துச் சந்தியுங்கள். விசா கிடைப்பதும் பாடுதான்.

நாட்களை மறைத்தால் யாருக்குத் தெரியும் என்ற எண்ணம் ஒரு காலத்தில் இருந்தது. கனடா வெளியேற்றத்தைப் பதிவு செய்யாத காலம் அது. 2012இல் அப்போதைய குடிவரவு அமைச்சர் ஜேசன் கென்னி, பொய் வதிவிடம் காட்டிக் குடியுரிமை பெற்ற மூவாயிரத்துக்கும் மேற்பட்டோருடைய குடியுரிமையைப் பறிக்க நடவடிக்கை எடுப்பதாக அறிவித்தார். வெளிநாட்டில் இருந்தவர்களுக்கு இங்கே ஒரு முகவரியும் தொலைபேசி இலக்கமும் காட்டிக் காசு வாங்கிய ஆலோசகர்கள் அந்த வருடங்களில் வெளியே தெரிந்தார்கள். அந்தக் காலம் போய்விட்டது. 2013 முதல் நிரந்தர வதிவிடவாளர் தரைவழியாக அமெரிக்காவுக்குள் நுழைந்தால் அந்த நுழைவு கனடாவுக்கு வெளியேற்றமாகப் பதிவாகிறது. 2020 முதல் விமானத்தில் வெளியேறுவதும் விமானக் கம்பனிகளின் வழியாகப் பதிவாகிறது. விண்ணப்பத்திலேயே அந்தப் பதிவைப் பார்க்க அனுமதி கேட்கிறார்கள். சந்தேகம் வந்தால் நீண்ட கேள்விக்கொத்து அனுப்பி வாடகை ஒப்பந்தம், வங்கிக் கூற்று, வேலைக் கடிதம் என்று கேட்பார்கள். பொய் பிடிபட்டால் ஐந்து வருடத்துக்கு மறுபடி விண்ணப்பிக்க முடியாது. குடியுரிமை கிடைத்த பிறகு பிடிபட்டால் அதையும் பறிக்கலாம். மறந்து ஒரு பயணத்தை விட்டவரையும் வேண்டுமென்று மறைத்தவரையும் அதிகாரி முதலில் ஒரே கண்ணால்தான் பார்ப்பார். அதனால்தான் சரியாக 1095ஆம் நாளில் கையெழுத்திடாதீர்கள் என்று குடிவரவுத் திணைக்களமே சொல்கிறது. நான் ஒரு மாதமாவது கூடுதலாக வைத்துக்கொள்ளச் சொல்வேன். இந்த நாட்டுக்கு வந்து நாலைந்து வருடம் பொறுத்தவர்களுக்கு இன்னொரு மாதம் பெரிதில்லை.

லண்டனிலும் சிட்னியிலும் நியூ ஜேர்சியிலும் உங்கள் உறவினர்கள் இருப்பார்கள், அவர்களோடு ஒப்பிட்டுப் பார்ப்பீர்கள். ஒப்பிடலாம், ஆனால் அவர்கள் சொல்வதை வைத்து இங்கே கணக்குப் போடாதீர்கள். பிரித்தானியாவில் ஐந்து வருடத்தில் 450 நாளுக்கு மேல் வெளியே இருக்கக்கூடாது, அதிலும் கடைசி வருடத்தில் 90 நாள். அவுஸ்திரேலியாவில் நான்கு வருடத்தில் மொத்தம் பன்னிரண்டு மாதம், கடைசி வருடத்தில் 90 நாள். அமெரிக்காவில் ஐந்து வருடத்தில் பாதி, அதாவது முப்பது மாதம், உள்ளே இருந்தால் போதும். கனடாவைவிட இளக்கம் என்று தோன்றும். ஆனால் அங்கே ஒவ்வொரு பயணத்தின் நீளத்தையும் பார்க்கிறார்கள். ஒரே பயணம் ஆறு மாதம் தாண்டினால் தொடர்ச்சி அறுந்தது என்று வைத்துக்கொள்வார்கள், அறவில்லை என்று நீங்கள்தான் காட்ட வேண்டும். ஒரு வருடம் தொட்டால் அநேகமாக எண்ணிக்கையைப் புதிதாகத்தான் தொடங்க வேண்டும். கனடாவில் பயணம் எவ்வளவு நீளம் என்பது பொருட்டில்லை, கூட்டுத்தொகைதான். ஒரே மூச்சில் எட்டு மாதம் ஊரில் நின்றவருக்கும் பத்துத் தடவையாக எட்டு மாதம் போய்வந்தவருக்கும் இங்கே ஏறத்தாழ ஒரே முடிவு. நம்மைப் போல் ஊரில் காணி, கோவில், வயதான தாய் தகப்பன் என்று வேர் விட்டு வந்தவர்களுக்கு இந்த முறை வசதி என்று நான் நினைக்கிறேன்.

விண்ணப்பத்தில் கையெழுத்திட்ட பிறகு போகலாமா என்று எல்லோரும் கேட்பீர்கள். போகலாம். கையெழுத்திட்ட நாளோடு எண்ணிக்கை முடிகிறது, அதற்குப் பிறகான பயணம் அந்த 1095ஐத் தொடாது. இங்கே தொடர்ந்து வசிப்பேன் என்ற உறுதிமொழியை 2014 சட்டம் கேட்டது, 2017இல் அதையும் எடுத்துவிட்டார்கள். ஆனால் சத்தியம் செய்யும் நாள் வரை நீங்கள் நிரந்தர வதிவிடவாளர்தான். 730 நாள் கணக்கு இன்னும் உங்கள் தலைக்கு மேல் நிற்கிறது. சோதனைக்கோ நேர்முகத்துக்கோ அழைப்பு வந்து நீங்கள் பதில் சொல்லாவிட்டால் விண்ணப்பத்தைக் கைவிட்டதாக முடித்துவிடுவார்கள். மின்னஞ்சலை நல்லூர் வீதியில் இருந்தாலும் பாருங்கள். சத்தியப்பிரமாணம் இணையவழியில் நடந்தாலும் அந்த நேரத்தில் நீங்கள் கனடாவுக்குள் இருக்க வேண்டும். கொழும்பு ஹோட்டல் அறையில் இருந்துகொண்டு திரையில் கையை உயர்த்த முடியாது.

சத்தியம் செய்த பிறகு உங்கள் பயணத்தை யாரும் எண்ணமாட்டார்கள். பத்து வருடம் ஊரில் போய் இருந்தாலும் குடியுரிமை போகாது. ஆனால் உங்கள் பேரப்பிள்ளைகளிடம் அதே எண் திரும்பி வரலாம். நீங்கள் குடிமகனான பிறகு வெளிநாட்டில் உங்களுக்கு ஒரு பிள்ளை பிறந்தால் அந்தப் பிள்ளை பிறப்பிலேயே கனேடியர். அந்தப் பிள்ளை வளர்ந்து, அவருக்கும் வெளிநாட்டிலேயே பிள்ளை பிறந்தால்? 2009 முதல் அந்த மூன்றாவது தலைமுறைக்குக் குடியுரிமை இல்லை என்று இருந்தது. 2023 டிசம்பரில் ஒன்ராறியோ உயர்நீதிமன்றம் அது அரசமைப்புக்கு முரண் என்றது. 2025 டிசம்பரில் நடைமுறைக்கு வந்த திருத்தத்தின்படி, உங்கள் பிள்ளை தன் குழந்தை பிறப்பதற்கு முன்பு கனடாவில் மொத்தம் 1095 நாள் இருந்திருந்தால் அந்தக் குழந்தையும் கனேடியர். இங்கே ஐந்து வருட வரம்பு இல்லை. கோடை விடுமுறைக்குத் தாத்தா பாட்டியிடம் வந்து நின்ற இரண்டு இரண்டு மாதங்களையும் பல்கலைக்கழகத்தில் படித்த நான்கு வருடத்தையும் வாழ்நாள் முழுக்கச் சேர்த்துக்கொண்டே போகலாம். ஆகவே விமானச்சீட்டுகளை எறியாமல் வைத்திருங்கள் என்று நான் சொன்னது உங்கள் விண்ணப்பத்துக்கு மட்டும் அல்ல. பேரப்பிள்ளைக்காக உங்கள் பிள்ளை அவற்றைக் கேட்டு வருகிற நாளில், அந்த நாட்களுக்கு அவரிடம் இருக்கக்கூடிய ஆதாரம் நீங்கள் எடுத்து வைத்த காகிதங்கள்தான்.